நர்சிங் பிள்ளைகளை வாட்ஸ்அப்பில் சேர்ந்து படிக்க வைப்பது எப்படி: ஒரு கடலூர் டியூட்டர் செய்துபார்த்த வழி

கடலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். என் பிள்ளைகள் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில், பாகூர் பக்கமிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஆனால் பல வருஷம் எங்கள் குரூப்பில் "நாளை 7 மணிக்குப் போஸ்டிங்" என்று ஒரு வரியும், ஒரு பி.டி.எஃப்.பும், அதற்குக் கீழே வரிசையாக "ஓகே மேம்" என்பதும்தான் இருந்தன. படிப்பு என்று எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஒரு பிள்ளை தானே செய்த ஒன்றை இன்னொரு பிள்ளை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். குரூப்பிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். அது நடக்க என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஜி.என்.எம். டிப்ளமா, பி.எஸ்சி. நர்சிங் எதுவானாலும் பொருந்தும்.

முதலில் போன் யாருடையது என்று கேளுங்கள்

குரூப் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். சிலர் வீட்டில் அப்பாவின் போன். சிலர் தம்பியோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சிலருக்கு மாசக் கடைசியில் ரீசார்ஜ் இருக்காது. இதை வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்டால் ஒருத்தியும் உண்மை சொல்ல மாட்டாள். அதனால் எல்லா வேலையையும் ஜோடியாகவே கொடுத்துவிடுகிறேன். இரண்டு பேருக்கு ஒரு பதிவு. எல்லோரும் ஜோடி என்பதால் போன் இல்லாத பிள்ளை தனியாகத் தெரிவதில்லை.

அடுத்தது நம்பர். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் நம்பர் எல்லோருக்கும் தெரியும். வேறு பேட்ச், வேறு கல்லூரி ஆட்களைச் சேர்ப்பதாக இருந்தால் பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தயங்குகிறார்கள் என்றால் டெலிகிராமுக்குப் போகலாம், அங்கே நம்பரை மறைத்துக்கொள்ள முடியும். புகைப்படத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை மாற்றுவதற்கு வகுப்பிலேயே பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒருவருக்கு ஒருவர் உதவி செய்யச் சொல்லுங்கள்.

விடுதியில் போன் கொடுக்கும் நேரம் மாலை 6 முதல் 8 வரை என்றால், குரூப்பின் நேரமும் அதுதான். இரவு 11 மணிக்கு டியூட்டர் பதிவு போட்டால் பதில் போடாத பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி வரும். நான் போடுவதில்லை.

அறுபது பேர் உள்ள ஒரே குரூப்பில் நான்கு பேர்தான் பேசுவார்கள். அதனால் அறிவிப்புக்கு என்று அட்மின் மட்டும் எழுதக்கூடிய ஒரு குரூப் தனியாக வையுங்கள். படிப்புக்கு எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சீனியர் அக்காக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூட்டரிடம் கேட்கக் கூசும் கேள்வியை அக்காவிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.

நோயாளி போனுக்குள் வரக்கூடாது

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், முதல் முறையாக வார்டுக்குப் போன ஒரு பெண், வெள்ளை யூனிஃபார்மில் தோழியோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது யூனிஃபார்ம் மட்டும்தான். பின்னால் ஒரு பெரியவர் வேட்டி விலகியபடி தூங்கிக்கொண்டிருந்தார், கட்டில் பலகையில் அவர் பெயர். பெரியவரின் மருமகள் ஊர்க்காரர் ஒருவர் மூலமாக அதைப் பார்த்துவிட்டார். அந்தப் பெண்ணைச் சில வாரம் வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என் அறையில் உட்கார்ந்து அழுதது இன்னும் மனதில் இருக்கிறது. வார்டில் போனைத் தொடக்கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தோம். ஏன் என்று யாருமே உட்கார்ந்து பேசவில்லை, நானும் பேசவில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2010-ல் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஆய்வகத்தில் நஞ்சுக்கொடியைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த நர்சிங் மாணவிகள் அதோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கல்லூரி அவர்களை நீக்கியது. ஒரு மாணவி நீதிமன்றம் போனார். படம் எடுக்க ஆசிரியர் அனுமதித்திருந்தார் என்பது அங்கே முக்கியமான விஷயமாக வந்தது, 2011 ஜனவரியில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பானது. டியூட்டர்களாகிய நாம் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் தெளிவாகச் சொல்லாமல் விட்டதைப் பிள்ளை சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அதனால் விதிகளைப் பிள்ளைகளையே எழுத வைக்கிறேன். முதல் வாரம் முழுக்க அதுதான் வேலை. தமிழில், ஒரு பக்கத்துக்குள். நோயாளியின் முகம், காயம், எக்ஸ்ரே, கேஸ் ஷீட், கட்டில் எண், குரல் எதுவும் கூடாது. போட்டுவிட்டு அழித்தாலும் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம். தானாக மறையும் செய்திக்கும் இதே கதிதான். குரூப்பில் வரும் படங்கள் கேலரியில் சேராதபடி அமைப்பை மாற்றி வையுங்கள், போன் ரிப்பேர் கடைக்கும் போகும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் கையிலும் இருக்கும். நம் நாட்டில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அதையும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் சட்டத்தைச் சொல்வதைவிட, "அந்தக் கட்டிலில் உங்க அம்மா படுத்திருந்தா?" என்ற கேள்விக்குத்தான் வகுப்பு அமைதியாகிறது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். பலகையில் இப்படி எழுதுவேன்: "நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு வெட்டப் போன 42 வயசு அண்ணன், சுகர், போன வாரம் கால் எடுத்தாச்சு." பெயரே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் யார் என்று சொல்லிவிடும். நம் ஊர்கள் அவ்வளவு சின்னவை. இதை யாருமே அடையாளம் காணாதபடி மாற்றி எழுதுங்கள் என்பேன். வயது, ஊர், தொழில், காலம் எல்லாம் மாறிக் கடைசியில் "நடுத்தர வயது, கூலி வேலை, பல வருஷச் சர்க்கரை நோய், ஆறாத பாதப் புண்" என்று வந்து நிற்கும். நோயாளியின் சொந்தத் தங்கை படித்தாலும் கண்டுபிடிக்கக்கூடாது, அதுதான் அளவு. அதைவிட நல்லது, கேஸை நாமே கற்பனையாக உருவாக்குவது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆஸ்பத்திரி மேல், டாக்டர் மேல், சிஸ்டர் மேல் குறை இருந்தால் குரூப்பில் எழுதாமல் நேரில் வந்து என்னிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்தில் உண்டு. அப்படி வந்து சொன்னதைக் கேட்டு நான் எதுவும் செய்யாமல் இருந்தால், அடுத்த முறை குரூப்பில்தான் எழுதுவார்கள். ஆகவே அந்த விதி என்னையும் கட்டுகிறது.

ஒரு வாரம் எப்படி ஓடும்

பாம்புக்கடி வாரத்தை உதாரணமாகச் சொல்கிறேன். முந்திரித் தோப்பும் கரும்பு வயலும் உள்ள மாவட்டம், இந்தக் கேஸ் எந்தப் பிள்ளைக்கும் அந்நியம் இல்லை.

திங்கள் மாலை 6 மணிக்கு இதைப் போட்டேன்: "இரவு 8 மணி. நீங்கள் காஷுவாலிட்டியில் இருக்கிறீர்கள். முந்திரித் தோப்பில் வேலை செய்த 30 வயதுப் பெண், வலது கணுக்காலில் கடி. கணவர் துண்டால் இறுக்கிக் கட்டி பைக்கில் கொண்டுவந்திருக்கிறார். கால் வீங்குகிறது. ஈறில் ரத்தம் கசிகிறது. டாக்டரைக் கூப்பிட்டாகிவிட்டது. முதல் பத்து நிமிஷம் என்ன செய்வீர்கள்?"

இந்தக் கேஸில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பகுதி. ஒரு ஜோடிக்கு நோயாளி வந்தவுடன் பார்க்க வேண்டியவை, ஒரு ஜோடிக்கு ரத்தப் பரிசோதனை, ஒரு ஜோடிக்கு விஷமுறிவு மருந்து ஏறும்போது கவனிக்க வேண்டியவை, ஒரு ஜோடிக்குக் கணவரிடம் பேச வேண்டியது. புத்தகத்தைப் படம் எடுத்துப் போடக்கூடாது. கையால் எழுதியோ, இரண்டு நிமிஷத்துக்குள் வாய்ஸ் நோட்டாகவோ வர வேண்டும்.

அதன் பிறகு புதன் வரை நான் வாயைத் திறப்பதில்லை. இதுதான் டியூட்டருக்குக் கஷ்டமான வேலை. தப்பாக ஒரு பதில் வந்ததும் கை துறுதுறுக்கும். நான் திருத்திவிட்டால் அந்த நிமிஷமே பேச்சு நின்று, மறுபடியும் "ஓகே மேம்" வந்துவிடும்.

அந்த வாரம் இருபது நிமிஷ உறைதல் சோதனையைப் பற்றி ஒரு ஜோடி எழுதியது. 2 மி.லி. சிரை ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது. எழுதி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள், "அக்கா, எங்க பக்கம் எல்லாம் பிளாஸ்டிக் குழாய்தானே இருக்கு, அதுல செஞ்சா என்ன?" ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் இன்னொரு ஜோடி தேடிக் கொண்டுவந்தது: கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது, பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் சரியாக உறையாமல் போகலாம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் அதே தப்பு நேரும். நான் பாடம் நடத்தும்போது "கண்ணாடிக் குழாய்" என்று சொல்லிவிட்டுத் தாண்டியிருப்பேன். ஒரு கேள்வி அதைப் பிடித்து நிறுத்தியது.

குழந்தைக்கு விஷமுறிவு மருந்து குறைவாகப் போட வேண்டுமா என்று அடுத்த கேள்வி வந்தது. ஆமாம் என்றே பெரும்பாலோர் எழுதினார்கள். ஒரு மூன்றாம் வருஷ அக்கா வாய்ஸ் நோட்டில் சொன்னாள்: "பாம்பு ஆளைப் பாத்தா விஷத்தைக் குறைக்குது? மருந்து விஷத்துக்குத்தான், எடைக்கு இல்ல. டோஸ் ஒண்ணுதான்." சரியான பதில். அது இனி யாருக்கும் மறக்காது.

புதன்கிழமை நான் உள்ளே வந்து, விட்டுப்போனதை மட்டும் சொல்வேன். அந்த வாரம் விட்டுப்போனது கட்டு. இறுக்கிக் கட்டியதைச் சட்டென்று அவிழ்க்கக்கூடாது, அவிழ்த்ததும் மூச்சோ ரத்த அழுத்தமோ சரியலாம், டாக்டர் பக்கத்தில் இருந்து எல்லாம் தயாராக இருக்கும்போதுதான் தளர்த்த வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு எல்லாம் வீக்கம் ஏறுவதற்கு முன்னால் கழற்ற வேண்டும். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுத வேண்டும். விஷமுறிவு மருந்து தொடங்கும் முன்பே, அது ஒவ்வாமல் போனால் கொடுக்க வேண்டிய அட்ரினலின் ஊசி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எல்லாப் பகுதிகளும் ஒரே கூகுள் டாக்ஸ் பக்கத்தில் சேரும். ஜோடிகளின் பெயர் கீழே இருக்கும். நான் வரி வரியாகப் பார்த்து, சரி என்று எழுதிய பிறகுதான் அதைக் குரூப்பின் மேலே பின் (pin) செய்து வைப்போம். நான் பார்க்காத எதுவும் வெளியே ஃபார்வர்டு ஆகக்கூடாது. இதில் நான் கண்டிப்பு. பிள்ளை எழுதிய ஒரு தப்பான டோஸ், "நர்சிங் காலேஜ்ல வந்தது" என்ற பெயரோடு ஊருக்குள் சுற்றினால் பிடிக்க முடியாது.

அதே வாரத்தில் இன்னொரு வேலையும் கொடுத்தேன். குடும்பக் குரூப்பில் பாம்புக்கடி பற்றி வந்த ஃபார்வர்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கடித்த இடத்தைக் கீறு, வாயால் உறிஞ்சு என்றுதான் எல்லாமே. தப்பு எது என்று கண்டுபிடிப்பதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அனுப்பிய சித்தப்பா மனம் நோகாமல் அதைச் சொல்வதில்தான் வேலை. ஒரு பிள்ளை எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "சித்தப்பா, கீறினா ரத்தம் நிக்காமப் போயிடும், இறுக்கிக் கட்டினா கால் கெட்டுப்போகும். அசையாம படுக்க வெச்சு, கொலுசு மோதிரம் கழட்டி, நேரா ஜி.எச்.சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. மருந்து அங்கதான் இருக்கு." நோயாளியின் வீட்டாரிடம் பேசும் பயிற்சிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஊர்ச்சொல் பட்டியல்

எங்கள் குரூப்பில் நான் மிகவும் பெருமைப்படுவது இதுதான். ஒரு கூகுள் ஷீட், நான்கு கட்டம். முதல் கட்டத்தில் உடம்பு சரியில்லாதபோது நம் வீட்டில், தெருவில் சொல்லும் சொல். இரண்டாவது, அதை யார் சொல்வார்கள், எந்த வயதில். மூன்றாவது, புத்தகத்தில் அதற்கு என்ன பெயர். நான்காவது, அதைக் கேட்டதும் நர்ஸ் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்கு ஜோடி ஒரு சொல் கொண்டுவர வேண்டும், வார்டில் கேட்டதை எழுதக்கூடாது, வீட்டுச் சொல்தான்.

மதமதப்பு, கிறுகிறுப்பு, நீர்க்கடுப்பு, நெஞ்சு கரிப்பு, மேல்மூச்சு வாங்குது, வயித்தப் புரட்டுது, வெளிக்குப் போகல. புத்தகத்தில் படித்த பிள்ளை வார்டில் "உங்களுக்கு மரத்துப்போகுதா?" என்று கேட்கும், பாட்டி "இல்லையே" என்பார். "கால் மதமதன்னு இருக்கா?" என்றால் "ஆமாம்மா, ஆறு மாசமா" என்பார். சர்க்கரை நோயில் அந்த ஆறு மாசம் மிக முக்கியம்.

நான்காவது கட்டத்தை நிரப்புவதில்தான் பிள்ளைகள் நிஜமாகவே சேர்ந்து யோசிக்கிறார்கள். "மயக்கமா வருது" என்ற ஒரே சொல்லுக்கு ஆறு கேள்வி சேர்ந்தது: தலை சுத்துதா, கண்ணு இருட்டுதா? படுத்து எழுந்திரிக்கும்போதா? சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு? சுகர் மாத்திரை போட்டீங்களா? கை நடுங்கி வேர்த்துச்சா? நாள் தள்ளிப் போயிருக்கா?

"வாயு புடிச்சிருக்கு" என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு நிறம் அடித்து வைத்திருக்கிறோம். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லிவிட்டு சோடா குடித்துப் படுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேர்த்ததா, தாடைக்கோ இடது கைக்கோ வலி போகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, வந்த பத்து நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தை எழுதிய பிள்ளை தன் தாத்தாவை நினைத்து எழுதியது என்று அப்புறம் சொன்னது.

வீடியோவும் கணக்கும்

செய்முறை வீடியோ எடுப்பதானால் ஸ்கில் லேபில், பொம்மையின் மேல் மட்டும். மூன்று பேர்: ஒருவர் செய்ய, ஒருவர் எடுக்க, ஒருவர் செக்லிஸ்ட்டைப் படித்துச் சொல்ல. கைகள் மட்டும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம். பெண் பிள்ளைகளின் வீட்டில் அதற்குப் பிறகு கேள்வி வராது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் டேட்டா தீரும். யூடியூபில் ஏற்றினால் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் அமைப்பில் வையுங்கள். பார்க்கிறவர் இரண்டு விஷயம் எழுத வேண்டும், நேரத்தோடு: நன்றாகச் செய்த ஒரு இடம், மாற்ற வேண்டிய ஒரு இடம். "1:10-ல் க்ளவுஸ் போட்ட கை பெட்ஷீட்டில் பட்டது" என்று ஒரு முதல் வருஷப் பிள்ளை சீனியருக்கு எழுதியது. எழுதின பிள்ளை பயந்தது, சீனியர் நன்றி சொன்னாள். கை கழுவும் வீடியோவுக்கு நீளமே மார்க். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும், 15 விநாடியில் வீடியோ முடிந்தால் பார்க்கவே தேவையில்லை.

டிரிப்ஸ் ஏற்றும் சொட்டுக் கணக்குக்கு வாக்கெடுப்பு நன்றாக வரும். 500 மி.லி., 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு. விடை நிமிஷத்துக்கு 21. தப்பான விடைகளைச் சும்மா போடாமல், பிள்ளைகள் செய்யும் தப்பிலிருந்தே எடுங்கள். 63 என்றால், மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டின் கணக்கைப் போட்டிருக்கிறாள். 1250 என்றால் மணியை நிமிஷமாக மாற்றவில்லை. யாருக்கு எங்கே சறுக்குகிறது என்று விடையே சொல்லிவிடும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரிவதால், தைரியம் இல்லாத பிள்ளைகள் முதல் மாணவி போடும்வரை காத்திருப்பார்கள். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வினா வைக்கலாம், இதற்கு அதுதான் நல்லது.

பதிவின் எண்ணிக்கைக்கு மார்க் கொடுக்காதீர்கள். ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தேன், காப்பி அடித்த பதிவுகளால் குரூப் நிரம்பியது. இப்போது நல்ல கேள்வியை மட்டும் என் நோட்டில் குறித்துக்கொண்டு, வகுப்பில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்கிறேன். விஷயத்தில் தப்பு என்றால் குரூப்பில் திருத்துகிறேன். நடத்தையில் தப்பு என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது இதெல்லாம் ஒரு சோதனைக்கு உள்ளானது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணைத் தண்ணீர் கடலூருக்குள் வந்தது. கல்லூரி இல்லை, கரண்ட் இல்லை, வீடியோ எதுவும் இறங்கவில்லை. எழுத்தும் சின்ன வாய்ஸ் நோட்டும் மட்டும் போய்ச் சேர்ந்தன. அந்த வாரம் பிள்ளைகள் சேர்ந்து, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பற்றி 40 விநாடி நீளத்தில் ஒரு வாய்ஸ் நோட் செய்தார்கள்: முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் போடணும், டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடக்கூடாது, காய்ச்சி ஆறவைத்த தண்ணி, கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நான் கேட்டுச் சரி சொன்ன பிறகு அவரவர் தெருவுக்கு அனுப்பினார்கள். எந்த பேட்சாக இருந்தாலும் ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், எழுத்திலும் குரலிலும் மட்டும் ஒரு வாரம் நடத்திப் பழகி வையுங்கள்.

பேட்ச் முடிந்து போகும்போது சின்ன குரூப்புகளை எல்லோர் முன்னாலும் கலைத்துவிடுகிறோம். பின் செய்த பக்கங்கள் நூலகக் கம்ப்யூட்டருக்குப் போகும். ஊர்ச்சொல் பட்டியல் மட்டும் அடுத்த பேட்சின் கைக்குப் போகும். போன வாரம் தாழங்குடாவிலிருந்து வரும் முதல் வருஷப் பிள்ளை அதில் "அடைப்பா இருக்கு" என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. நான்காவது கட்டத்தில் இதுவரை ஒரு கேள்விதான் வந்திருக்கிறது: "எங்க பாட்டி, மூக்கிலயா நெஞ்சிலயா?"